ஏ, பி எங்கே போச்சு?

விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சதுல இருந்து எங்க ஹாஸ்டல்ல ஒரே பட்டிமன்றம். என்னுடையதைப் போன்ற பழைய லேப்டாப்பில் 11 ஏறாது. லினக்ஸுக்கு மாறலாமா, மாறினா கேம் ஓடுமா? இந்தச் சண்டைக்கு வயசு நாற்பதுக்கு மேல ஆகுது. அதில் முதலில் அடிபட்டவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போறேன்.

உங்க லேப்டாப்பில் டிரைவ் எழுத்து ஏன் 'சி'-யில் தொடங்குது? ஏ, பி ரெண்டும் ஃபிளாப்பிக்குப் போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். ஆனா அந்த எழுத்துப் பழக்கத்தைச் சின்ன கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு வந்தது பில் கேட்ஸ் இல்லை. கேரி கில்டால்.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தார். அவர் குடும்பம் மாலுமிகளுக்குப் பாடம் நடத்தும் பள்ளி வைத்திருந்தது. கணக்கு வாத்தியார் ஆகலாம்னு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்து 1972-ல் பிஎச்.டி. முடித்தார். கலிஃபோர்னியாவில் மான்டரே கடற்படைக் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அங்கே இருந்தபோதுதான் இன்டெல்லின் 4004 சிப் அவர் கைக்கு வந்தது. டிராஃபிக் சிக்னலுக்கும் கருவிகளுக்கும்தான் லாயக்குன்னு பலர் நினைத்த சிப் வகையை அவர் முழு கம்ப்யூட்டராகப் பார்த்தார்.

1974-ல் ஃபிளாப்பி டிரைவைக் கட்டுப்படுத்த சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதினார். இன்டெல்லிடம் கொடுத்துப் பார்த்தார், அவங்க வேண்டாம்னுட்டாங்க. மனைவி டாரதியோடு சேர்ந்து பசிஃபிக் குரோவ் ஊரில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். முதலில் வைத்த பெயர் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச். (பெயரைப் பார்த்தா நம்ம சிம்போசியம் டீம் வெச்ச மாதிரி இருக்கும்.)

அவர் செய்த பெரிய வேலை இனிமேதான். ஒவ்வொரு கம்பெனி கம்ப்யூட்டருக்கும் சிபி/எம்-ஐ மாற்றி மாற்றி எழுதி சலிச்சுப் போய், ஹார்டுவேரைத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்தார். அதற்கு பயாஸ்னு பெயர் வைத்தார். ஆமா, எஃப்2 தட்டி உள்ளே போறீங்களே, அதே பெயர்தான். புது மெஷின் வந்தா பயாஸை மட்டும் எழுதினால் போதும். வேர்ட்ஸ்டார், டிபேஸ், ஏன், ஸோர்க் கேம் வரைக்கும் பல கம்பெனி மெஷின்களில் ஓடின. புரோகிராம் பேசுவது ஹார்டுவேரிடம் இல்லை, சிஸ்டத்திடம்.

அந்த வசதியே அவருக்கு எதிராகத் திரும்பியது. 1980-ல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு சிஸ்டம் தேடியபோது அவங்களை கில்டாலிடம் அனுப்பியதே மைக்ரோசாஃப்ட்தான். அன்று காலை அவர் தன் விமானத்தில் கஸ்டமர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட டாரதியும் வக்கீலும் தயங்கினாங்க. மதியம் திரும்பி வந்து தானே பேசியதாக கில்டால் சொன்னார், ஐபிஎம் தரப்பில் மறுத்தவங்களும் உண்டு. எப்படியோ டீல் நடக்கலை. ஜாலியாகப் பறக்கப் போய் வாய்ப்பைக் கோட்டை விட்டவர் என்ற கதை மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கிச்சு. எனக்கு அது அநியாயமாத்தான் படுது.

சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்பவர் சிபி/எம்-இன் கட்டளைகளைப் பார்த்து, புரோகிராம்கள் அதே மாதிரி கேட்டால் அதே மாதிரி பதில் சொல்லும் சிஸ்டம் ஒன்றை 8086 சிப்புக்கு எழுதியிருந்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கி ஐபிஎம்-க்குக் கொடுத்தது. அதுதான் டாஸ். கில்டால் வழக்குப் போடுவேன்னு சொல்ல, அவர் சிஸ்டத்தையும் சேர்த்து விற்க ஐபிஎம் ஒத்துக்கிச்சு. கடைக்கு வந்தபோது டாஸ் 40 டாலர், சிபி/எம்-86 240 டாலர். நீங்க எதை வாங்கியிருப்பீங்க?

அவர் கம்பெனியும் சும்மா இருக்கலை. 1988-ல் டிஆர்-டாஸ் என்று டாஸுக்கே ஒரு மாற்றை இறக்கியது. விண்டோஸ் 3.1-இன் பீட்டாவில், அடியில் இருப்பது மைக்ரோசாஃப்ட் டாஸ் இல்லைன்னா ஒரு எர்ரர் மெசேஜ் வந்தது. புரோகிராம் ஓடும், ஆனா பார்க்கிறவனுக்கு பயம் வரும். கடைக்கு வந்த பதிப்பில் அது அணைக்கப்பட்டிருந்தது.

இப்போ ஹாஸ்டலுக்கு வாங்க. ஸ்டீம் டெக்கில் லினக்ஸ் மேல விண்டோஸ் கேம் ஓடுறது புரோட்டான் தயவில். விண்டோஸின் கட்டளைகளுக்கு அதே பதிலைத் திருப்பிச் சொல்லும்படி வெளியாட்கள் எழுதியது அது. பேட்டர்சன் சிபி/எம்-க்குச் செய்ததை இன்னிக்கு விண்டோஸுக்கே செய்யறாங்க. ஆனா வேலரன்ட் ஓடாது. அதன் ஆன்டி-சீட் விண்டோஸ் கர்னலுக்குள்ளேயே உட்காரணும், வெறும் பதில் போதாது. எங்க ரூம்ல பட்டிமன்றம் நிக்கிற இடமும் அதுதான்.

கில்டால் ஏழை ஆகிடலை. 1991-ல் நோவெல் அவர் கம்பெனியை வாங்கியது. தொலைக்காட்சியில் கம்ப்யூட்டர் நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக இருந்தார், சிடியில் கலைக்களஞ்சியம் கொண்டு வந்தார். 1992-ல் அவர் படித்த துறையின் வெள்ளிவிழாவில் முக்கியப் பேச்சாளராக அழைக்கப்பட்டது பில் கேட்ஸ். அங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர் கில்டால். அது அவரை ரொம்பவே வருத்தியது.

1994 ஜூலையில் மான்டரேயில் தலையில் பட்ட அடியால் இறந்தார். வயது 52. இருபது வருஷம் கழித்து, 2014-ல், பசிஃபிக் குரோவில் அவருடைய பழைய அலுவலகத்துக்கு முன்னால் ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை பதித்தது.