சபாநாயகர் மாவ்லங்கர்

மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் சபை லோக்சபா. அங்கே யார், எப்போது பேசலாம் என்று சொல்பவர் சபாநாயகர். 1952-ல் முதன் முதலாக அந்தப் பதவிக்கு வந்தவர், அகமதாபாத் வக்கீல் மாவ்லங்கர். 394 ஓட்டுகள் பெற்றார்.

காங்கிரஸ்காரர்தான். ஆனாலும் பிரதமர் நேருவுக்கே கடிதம் எழுதினார்: சபையைக் கேளாமல் அவசரச் சட்டங்கள் போடுவது நல்லதல்ல என்று.

அப்படிப்பட்டவர் மீதே 1954 டிசம்பர் 18-ந்தேதி எதிர்க்கட்சியினர் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சிப் பக்கம் சாய்கிறாராம்! வேடிக்கைதான்.

தம்மீது தீர்மானம் வந்தால் சபாநாயகர் தலைமை வகிக்கக் கூடாது. இது அரசியல் சட்டம். அன்று ஆசனத்தில் அமர்ந்தவர் துணை சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார். விவாதம் சூடாக நடந்தது. தீர்மானம் தோற்றது.

மாவ்லங்கர் மீண்டும் ஆசனம் ஏறினார். 1956 பிப்ரவரி 27-ந்தேதி இறக்கும்வரை அவரே சபாநாயகர். அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர், அதே அய்யங்கார்.