உபநிடதத்தைத் தேடிய ஜேர்மனியத் தத்துவஞானி ஆதர் சோப்பன்ஹவர்

உபநிடதங்களைப் பற்றி மாணவர்கள் சமய பாடத்தில் கற்றிருப்பீர்கள். இந்திய மண்ணில் ஒருபோதும் கால் வைக்காத, வடமொழியில் ஓர் எழுத்தையேனும் முறையாகக் கற்காத ஜேர்மனியர் ஒருவர் அந்நூல்களைத் தமது வாழ்நாள் முழுவதற்கும் ஆறுதலாகக் கொண்டார். அவரே ஆதர் சோப்பன்ஹவர் என்னும் தத்துவஞானி.

இவர் 1788ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி டன்சிக் நகரில் பிறந்தார். இன்று அந்நகர் கிடான்ஸ்க் என்ற பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் செல்வம் மிக்க வணிகர். தாயார் யொகன்னா பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியையானவர். 1793இல் பிரசியா டன்சிக்கைக் கைப்பற்றியதும் குடும்பம் ஹம்பேர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகனும் வணிகனாக வேண்டுமென்பது தந்தையின் விருப்பம். மகனின் நாட்டமோ கல்வியில் இருந்தது. எனவே தந்தை ஓர் உபாயம் செய்தார். வணிகத்தில் சேர உடன்பட்டால் ஐரோப்பா முழுவதும் சுற்றிப்பார்க்க அழைத்துச் செல்வதாகக் கூறினார். பதினைந்து வயதுச் சிறுவன் வேறென்ன செய்வான்? உடன்பட்டான்.

ஆனால் 1803, 1804ஆம் ஆண்டுகளில் நடந்த அப்பயணமே அவரை வணிகத்திலிருந்து மனத்தளவில் பிரித்துவிட்டது. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் சங்கிலியாற் பிணைக்கப்பட்டு ஆயுட்காலம் முழுவதும் வேலைசெய்யும் கைதிகளை அவர் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. நோயையும் முதுமையையும் மரணத்தையும் கண்டு கலங்கிய இளவரசர் சித்தார்த்தரைப் போலவே தாமும் இளவயதில் உலகத் துன்பத்தால் தாக்கப்பட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

1805இல் தந்தை இறந்தார். கொடுத்த வாக்கைக் காப்பதற்காக மேலும் இரண்டு ஆண்டுகள் வணிகம் பழகிய பின்னரே அவர் கல்விக்குத் திரும்பினார். 1809இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, விரைவில் தத்துவத்துக்கு மாறினார். பிளேட்டோவும் கான்ற்றும் அவருக்கு வழிகாட்டிகளாயினர். 1813இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில் தாயார் வாழ்ந்த வைமார் நகருக்கு அவர் சென்றார். மகாகவி கேத்தேயின் நட்பும், பிரடெரிக் மாயர் என்ற கீழைத்தேய ஆய்வாளரின் அறிமுகமும் அங்கே கிட்டின. 1814 மார்ச் மாதத்தில் வைமார் நூலகத்திலிருந்து ‘ஔப்நெக்கத்’ என்னும் நூலை அவர் இரவல் பெற்றார். உபநிடதம் என்ற சொல்லே பாரசீகத்திற் புகுந்து இவ்வாறு திரிந்தது.

இந்நூல் வந்த வழி அறியத்தக்கது. முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மூத்த மகன் தாரா ஷுக்கோ, காசிப் பண்டிதர்களின் உதவியுடன் ஐம்பது உபநிடதங்களை 1657இல் பாரசீக மொழியில் பெயர்ப்பித்தார். இரண்டு ஆண்டுகளில் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். அந்தப் பாரசீக நூலைப் பிரெஞ்சு அறிஞர் அங்கெத்தில் டுபெரோன் இலத்தீனில் பெயர்த்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். ஆகவே சோப்பன்ஹவர் கையிலெடுத்தது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. வாசிக்கச் சிரமமான இலத்தீனில் அமைந்த அந்நூலை அவர் இறுதிவரை கைவிடவில்லை. வாழ்விலே தமக்கு ஆறுதலளித்த அந்நூல் சாவிலும் அளிக்கும் என்றே எழுதினார்.

அதே 1814இல் தாயுடன் கடும் பிணக்கு ஏற்பட்டது. டிரெஸ்டனுக்குச் சென்ற மகன், 1838இல் தாய் இறக்கும்வரை அவரை மீண்டும் சந்திக்கவில்லை. டிரெஸ்டனிலேயே அவரது முதன்மை நூலான ‘விருப்பாகவும் தோற்றமாகவும் உலகம்’ எழுதப்பட்டது. அது 1818இன் இறுதியில் வெளிவந்தது. நாம் காணும் பன்மை உலகம் தோற்றம் மட்டுமே. அதன் உள்ளே இயங்குவது ஓய்வறியாத ஒரே விருப்பு. துன்பத்தின் வேர் அதுவே என்பது அந்நூலின் சாரம். தோற்றத்தை விளக்க மாயை என்ற சொல்லை அவர் எடுத்தாண்டார். பிறர் துன்பம் நம்மை வருத்துவது ஏன் என்பதற்கு, நீ அதுவாக இருக்கிறாய் என்னும் உபநிடதக் கருத்தில் விடை கண்டார். விருப்பு அடங்குவதே விடுதலை என்றார்.

இங்கு ஒரு வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது. உபநிடதங்கள் உலகின் உள்ளே கண்டது ஆனந்த வடிவான பிரமத்தை. சோப்பன்ஹவர் கண்டதோ குருட்டு விருப்பை. கீழைத்தேய நூல்களை அவர் தமது துயர்படிந்த கண்ணாடியினூடாகவே வாசித்தார் எனலாம்.

நூல் விலைபோகவில்லை, பிரதிகளிற் பெரும்பகுதி கழிவுத் தாளாயிற்று. 1820இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றத் தொடங்கியவர், பேரறிஞர் ஹெகல் விரிவுரை நடத்திய அதே நேரத்தையே வேண்டுமென்று தெரிந்தெடுத்தார். மாணவர் கூட்டம் ஹெகலிடம் சென்றது. இவரிடம் வந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கோரே.

இரக்கமே ஒழுக்கத்தின் அடிப்படை என்று கற்பித்த இவர், 1821இல் தம் அறை வாசலில் நின்று சத்தமிட்ட தையற்காரப் பெண்ணொருத்தியைப் பிடித்துத் தள்ளி வழக்கில் மாட்டிக்கொண்டதும் உண்மை. நீதிமன்றத் தீர்ப்பின்படி அப்பெண்ணின் ஆயுள்வரை பணம் செலுத்த நேர்ந்தது. துறவை உபதேசிப்பவர் துறவியாக வாழவில்லையே எனப் பலரும் கேட்டனர். ஞானி தத்துவம் அறிந்திருக்கவேண்டியதில்லை, தத்துவஞானி ஞானியாக இருக்கவேண்டியதுமில்லை என்பது அவரது நிலைப்பாடு. இப்பதில் எல்லோருக்கும் நிறைவளிக்காது. ஆயினும் தாம் அடையாத நிலையை அடைந்ததாக அவர் ஒருபோதும் நடிக்கவில்லை.

1831இல் பேர்லினில் வாந்திபேதி பரவியபோது அவர் அந்நகரை விட்டு நீங்கி, 1833 முதல் பிராங்பேர்ட்டில் தனியே வாழ்ந்தார். தமது வளர்ப்பு நாய்க்கு ஆத்மா என்று பெயரிட்டிருந்தார். இக்காலத்தில் பௌத்தம் பற்றிய ஆய்வுகள் ஐரோப்பாவில் பெருகின. இருபது ஆண்டுகள் இலங்கையில் பணியாற்றிய மெதடிஸ்த மிஷனரி ஸ்பென்ஸ் ஹார்டி 1850இலும் 1853இலும் வெளியிட்ட இரு நூல்களை வாசித்த சோப்பன்ஹவர், அவற்றைத் தம் வாசகருக்குப் பரிந்துரைத்தார். நமது நாட்டுப் பிக்குமாரின் வாழ்வும் சிந்தனையும் இவ்வாறு பிராங்பேர்ட்டின் தனியறையை எட்டின. தாம் இளமையில் எழுதியது புத்தரின் போதனையுடன் ஒத்திருந்தமை அவருக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

1851இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியின் பின்னரே புகழ் வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. 1856இல் பாரிசிலிருந்து ஒரு புத்தர் சிலையை வாங்கினார். அதன்மேற் பூசப்பட்டிருந்த கரிய அரக்கை நீக்கிப் பொன்முலாம் இடுவித்து அறையில் வைத்தார். கான்ற்றின் மார்பளவுச் சிலையும் அதே அறையில் இருந்தது.

1860ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி காலை அவர் தமது இருக்கையில் அமர்ந்தபடியே உயிர்நீத்திருக்கக் காணப்பட்டார். கல்லறையில் பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டது. அவரது எழுத்துகளால் ஈர்க்கப்பட்ட போல் டொய்சன் வடமொழியை முறையாகக் கற்று, அறுபது உபநிடதங்களை மூலத்திலிருந்தே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து 1897இல் வெளியிட்டார்.