நகர்ப் பணியில் நாற்பது ஆண்டுகள்: சர் பிட்டி தியாகராயர்

சென்னையில் தி. நகரை அறியாதார் இலர். துணி எடுக்கவும் நகை வாங்கவும் நாள்தோறும் அங்குச் செல்வோர் பல்லாயிரவர். ஆனால் அவ்வூர் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டால், விடை கூறுவோர் சிலரே. அப்பெருமகனார்தாம் சர் பிட்டி தியாகராய செட்டியார்.

அன்னார் 1852-ஆம் ஆண்டில், நெசவை மரபாகக் கொண்ட தேவாங்கர் குலத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்துப் பட்டதாரிகள் பெரிதும் நாடியது அரசாங்க உத்தியோகத்தையே. இவரோ குடும்ப வாணிபத்தையும் பொதுப்பணியையும் தேர்ந்து கொண்டார். வெள்ளை உடையையே விரும்பி அணிந்ததால் வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் இவரை அழைத்தனர்.

1882-இல் சென்னை நகராண்மைக் கழகத்தில் உறுப்பினரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே உழைத்தார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, தொடக்கப் பள்ளி ஆகியவையே நகராண்மை உறுப்பினரின் அன்றாடக் கவலைகள். இவற்றால் பெரும் புகழ் வருவதில்லை. சரியாக நடந்தால் எவரும் நினைப்பதுமில்லை. அத்தகைய பணியில் ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1916-இல் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து, பின்னாளில் நீதிக்கட்சி எனப் பெயர் பெற்ற அமைப்பைத் தோற்றுவித்தார். பிராமணரல்லாத மக்களுக்குக் கல்வியிலும் பதவியிலும் உரிய இடம் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றது. அமைச்சரவை அமைக்குமாறு ஆளுநர் வெலிங்டன் பிரபு தியாகராயரை அழைத்தார். அவர் அதை ஏற்கவில்லை. கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். தியாகராயரோ நகராண்மைக் கழகத் தலைவர் பொறுப்பிலேயே தொடர்ந்தார். அரசு அதிகாரியாக இல்லாத ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை.

அதே 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், அவர் தலைமையில் கழகம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகராண்மைப் பள்ளியின் பிள்ளைகள் மிகவும் ஏழைகள். பசியின் காரணமாகவே பலர் பள்ளிக்கு வராதிருந்தனர். எனவே, நாளொன்றுக்குப் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் அவர்களுக்கு மதிய உணவு அளிக்க முடிவாயிற்று. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பிறகு வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் தொகை 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது.

ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுதல் கூடாது என்று அரசாங்கம் தடுத்ததால், 1925 ஏப்ரலில் உணவு நின்று போயிற்று. தியாகராயரும் அதே ஆண்டில் காலமானார். நட்டவரும் மறைந்தார், நாற்றும் வாடியது என்றே அன்று பலர் எண்ணியிருக்கக் கூடும்.

ஆனால் வேர் பட்டுப் போகவில்லை. சில ஆண்டுகளில் நகராண்மைப் பள்ளிகளில் மதிய உணவு மீண்டும் தொடங்கிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் அது மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. முதல் அடுப்பு எரிந்தது ஆயிரம் விளக்குப் பள்ளியில்தான்.

அன்பார்ந்த பங்கு மக்களே! நம்மில் சிலர் ஊராட்சியிலும், நகராட்சியிலும், பங்குப் பேரவையிலும் பொறுப்பு வகிக்கிறோம். பெரிய நாற்காலி கிடைக்கவில்லையே என்ற மனக்குறை எவருக்கேனும் இருப்பின், தியாகராயரை நினைவு கூர்வோம். அவர் வேண்டாம் என்று விட்ட பதவியில் பின்னர் எத்தனையோ பேர் அமர்ந்து எழுந்தனர். அவர் தலைமையில் ஒதுக்கிய அந்த ஓர் அணாவோ நூறாண்டு கடந்தும் பிள்ளைகளின் தட்டில் சோறாக விழுகிறது.