காய்ச்சலை விடாமல் துரத்திய வைத்தியர்

2020-ல் கொரோனா வந்தப்போ மூக்கைப் பிடிச்சிக்கிட்டுக் கபசுரக் குடிநீர் குடிச்சோமே! சீனாவிலும் கஷாயம் கொடுத்தார்கள். அதற்கு மூலம், ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய நூல்.

இவர் சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன் நான்யாங் என்ற ஊரில் வாழ்ந்தவர். சொந்தபந்தம் 200 பேருக்கு மேல். கி.பி. 196-லிருந்து பத்து வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள். அதில் பத்துக்கு ஏழு பேர் காய்ச்சலால்!

அவர் அழுதுகிட்டே உட்காரவில்லை. பழைய ஏடுகளைத் தேடிப் படித்து, காய்ச்சலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் மருந்து எழுதினார். ஒரு கஷாயத்தில் இஞ்சி, அதிமதுரம், இலந்தைப்பழம்கூட உண்டு. குடிச்சிட்டு, சூடாகக் கஞ்சி குடிச்சுப் போர்த்திப் படுக்கணும். நம்ம பாட்டி சொல்வது மாதிரியே!

இன்று நமக்குத் தடுப்பூசி இருக்கு. அவருக்கு இருந்தது துக்கமும் படிப்பும்தான். அதை வைத்தே அடுத்தவர் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, மணவூர்