துன்பத்தைத் தொண்டாக்கிய யோசப் வாஸ் அடிகளார்

துன்பம் சிலரை முறித்துவிடுகின்றது, சிலரைப் பக்குவப்படுத்துகின்றது. இவ்வேறுபாடு அவரவர் உள்ளத்தில் வளர்த்துக்கொண்ட பண்புகளினால் விளைவது என்பதற்கு யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு தக்கதொரு சான்றாகும்.

இந்தியாவின் கோவாப் பிரதேசத்திலுள்ள பெனவுலிம் கிராமத்தில் 1651 ஆம் ஆண்டு பிறந்த இவர், 1676 இல் குருவானவராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரின் ஆட்சியில் இருந்தன. 1658 இல் யாழ்ப்பாணம் அவர்கள் வசமானபின் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். குருமாருக்கு அடைக்கலம் அளிப்போரும் கடுந்தண்டனைக்கு உள்ளாகினர். மேய்ப்பரின்றித் தவித்த அம்மக்களின் நிலையறிந்த அடிகளார், எவரும் செல்லத் துணியாத இந்நாட்டிற்கு வரத் துணிந்தார்.

1687 இல் கூலியாளைப் போல வேடம் பூண்டு, யோவான் என்னும் துணைவருடன் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது வயிற்றளைச்சல் அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. அந்நியராகவும் நோயாளியாகவும் கிடந்த அவரைக் கஞ்சி கொடுத்துக் காத்தவர்கள் எளிய மனிதர்களே. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டுகொண்டார். பிச்சை ஏற்பதை அவர் இழிவாகக் கருதவில்லை. பிறரிடம் கையேந்தத் தயங்காத அத்தாழ்மையே அவருடைய பணிக்கு வழி திறந்தது. சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவு வேளைகளில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார்.

1692 இல் கண்டிக்குச் சென்ற அடிகளார், போர்த்துக்கேயரின் உளவாளி என்னும் குற்றச்சாட்டின் பேரில் சிறை வைக்கப்பட்டார். செய்யாத குற்றத்திற்காக அடைபட்டவர் மனம் கசந்து போவது இயல்பு. அடிகளாரோ அக்காலத்தைச் செபத்திலும் சிங்கள மொழியைக் கற்பதிலும் செலவிட்டார். அவருடைய ஒழுக்கத்தைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் ஐயம் நீங்கி, நாளடைவில் அவருக்குச் சுதந்திரம் அளித்தான்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயுற்றோரை உற்றாரே கைவிட்டு அகன்றனர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, மத வேறுபாடு பாராது உணவளித்துப் பராமரித்தார் அடிகளார். இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தார். பத்தாண்டுகளுக்கு முன் நோயாளியாகத் தாம் பெற்ற பரிவை இப்போது நோயாளருக்கு அவர் வழங்கினார். தாம் பட்ட துன்பத்தை மறவாதவருக்கே பிறர் துன்பம் விளங்கும்.

ஆயர் பதவி தம்மை நாடி வந்தபோதும் அதனை ஏற்க மறுத்து, இறுதிவரை எளிய குருவாகவே வாழ்ந்த அவர், 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில் காலமானார். 1995 இல் அருளாளராகவும், 2015 ஜனவரி 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களினால் புனிதராகவும் பிரகடனப்படுத்தப்பட்டார்.

நோய், வறுமை, சிறை ஆகியவற்றுள் ஒன்றையேனும் அவர் தவிர்த்துக்கொள்ளவில்லை. எனினும் அவை ஒவ்வொன்றிலும் பிறருக்குப் பயன்படும் வழியை அவர் கண்டார். இடர்கள் பல கண்ட இத்தேசத்தின் மக்கள், எந்தச் சமயத்தவராயினும், அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவேயாகும்.