சராசரியைக் கொண்டு நாட்டை அளந்தவர்

ஐந்து மாணவியரின் உயரம் 145, 147, 148, 150, 170 செ.மீ. எனக் கொள்வோம். கூட்டுச் சராசரி 152. ஆனால் நால்வர் அதற்குக் குறைவே! நடுவில் நிற்பவளின் 148 தான் இடைநிலை. நெட்டையான ஒருத்தி சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறாள். கணக்கு வகுப்பில் நாங்கள் சிரித்துக்கொண்டே போட்ட இத்தகைய கணக்குகளையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அவர்கள்.

இவர் 1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1913-இல் லண்டனில் மேற்படிப்புப் படிக்கச் சென்றார். ஒருநாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கடைசி ரயிலைத் தவறவிட்டு நண்பரோடு தங்க நேர்ந்தது. கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுத்து அங்கேயே சேர்ந்துவிட்டார். ரயில் தவறியதும் நன்மைக்கே! 1915-இல் தாயகம் திரும்பும்போது கப்பலில் பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகளைப் படித்தார். பௌதிக ஆசிரியராகப் பணியேற்றவரின் மனம் அதுமுதல் எண்களின்பால் சென்றது.

கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்திய ஆண்கள் சுமார் 200 பேரின் உயரத்தை ஆராய்ந்து 1922-இல் வெளியிட்டதே இத்துறையில் அவருடைய முதல் கட்டுரை. எங்கள் வகுப்புக் கணக்கைப் போன்றதுதானே!

1926-இல் ஒரிசாவில் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. ஆற்றுப்படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர். மகலனோபிஸ் அந்த ஒரு வெள்ளத்தை மட்டும் பார்க்கவில்லை. சுமார் 60 ஆண்டுக் கணக்குகளைப் புரட்டி, படுகை உயரவில்லை என்று காட்டினார். மேற்பகுதியில் அணை கட்டுவதே தக்கது என்றார்.

1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்துச் சணல் வயல்கள் அத்தனையையும் அளக்காமல், குலுக்கல் போலத் தேர்ந்த சில துண்டு நிலங்களின் விளைச்சலைக் கொண்டு மொத்தத்தையும் கணித்தார். செலவு மிகக் குறைந்தது. இம்முறையே 1950-இல் தேசிய மாதிரி ஆய்வாக விரிந்தது. 1968-இல் பத்ம விபூஷண் பெற்றார். 79-ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், 1972 ஜூன் 28-இல் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாள் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கத்து நெல் வயல்களிலும் இன்று 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் கட்டி, கதிரறுத்து, எடை போட்டுத்தான் விளைச்சலைக் கணிக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டுப் பணமும் பெரும்பாலும் ஊர்ச் சராசரியைப் பொறுத்ததே. ஊரெல்லாம் விளைந்து, ஒருவர் வயல் மட்டும் சாவியானால் அந்தச் சராசரி அவரைக் காட்டாது. எங்களில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஆதலால் அந்த நெட்டைப் பெண்ணின் கணக்கைப் போட்டு முடித்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.