கணித மேதை மகாவீராசாரியர்

மகாவீரர் என்னும் திருநாமத்தைக் கேட்டதும் நம் உள்ளம் இருபத்து நான்காம் தீர்த்தங்கரரையே நாடும். அப்பெருமானின் பெயரைத் தாங்கி, அவருக்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின்னர் வாழ்ந்த கணித ஆசிரியர் ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகிறோம். நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் ஆரியபட்டர், பாஸ்கரர் ஆகியோரின் பெயர்களைக் கேட்டிருக்கிறோம். மகாவீராசாரியரின் பெயர் எந்த வகுப்பிலும் நம் செவியில் விழவில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய நூல் நம் கைக்கு வந்தது.

தம் ஊர், பெற்றோர் பற்றி ஆசாரியர் ஒரு சொல்லும் எழுதி வைத்தாரில்லை. தம் காலத்து மன்னரை மட்டும் வாயாரப் போற்றியுள்ளார். அவர் நிருபதுங்கர் எனப் பெயர் பெற்ற இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர். கி.பி. 814இல் அரியணை ஏறி, அறுபது ஆண்டுகளுக்கு மேல் மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். ஆதிபுராணம் அருளிய ஜினசேனாசாரியரைக் குருவாக வணங்கியவர். அந்நகர் இன்று கருநாடகத்தின் வடபகுதியில் மால்கேட் என்னும் சிற்றூராக இருக்கிறது. ஆசாரியரின் நூல் கி.பி. 850ஐ ஒட்டி எழுந்தது என்பர்.

நம் தமிழகத்துக் கழுகுமலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் பாறையில் வடிக்கப்பெற்றதும் ஏறக்குறைய அக்காலத்தில்தான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நாம் பணிபுரிந்தபோது, சுற்றத்தாரை விட்டு இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே என்று மனம் சோர்ந்தால் சங்கரன்கோயில் வழியே அங்குச் சென்று தரிசித்து வருவோம். அங்குள்ள கல்வெட்டுகள் குரத்தியர் எனப் பெண் ஆசிரியர்களையும் குறிக்கின்றன. அதைப் படித்துவிட்டுத் திரும்பும்போது மனம் சற்றுத் தேறியிருக்கும்.

ஆசாரியர் இயற்றியது கணித சார சங்கிரகம். வடமொழியில், ஒன்பது அதிகாரங்களில், ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட சுலோகங்களால் ஆனது. அதற்கு முந்தைய கணித நூல்கள் பலவும் வான நூலின் ஒரு பகுதியாகவே இருந்தன. ஆசாரியரோ கணிதத்தை மட்டுமே பொருளாகக் கொண்டு முழுநூல் செய்தார். வணிகம், வைத்தியம், சமையல், இசை, கட்டடக் கலை என எத்துறைக்கும் கணக்கு வேண்டும் என்று நூலின் தொடக்கத்தில் அவர் விரித்துரைக்கும் பகுதி ஒவ்வோர் ஆசிரியரும் படிக்கத் தக்கது.

இன்று எளிய சமன்பாடு என்று நாம் கற்பிக்கும் பகுதி, அவருடைய நூலில் பின்னங்களைப் பற்றிய பல்வகைக் கணக்குகளாக வருகிறது. ஒரு தூணின் எட்டில் ஒரு பங்கு மண்ணுக்குள், மூன்றில் ஒரு பங்கு நீரில், நான்கில் ஒரு பங்கு பாசியில், எஞ்சிய ஏழு முழம் வெளியே தெரிகிறது. தூணின் நீளம் யாது என்பது அவற்றுள் ஒன்று. நம் மாணவியர் தெரியாத எண்ணை எக்ஸ் என எழுதிவிட்டு, உடனே உறுப்புகளை இடம் மாற்றத் தொடங்கி இடர்ப்படுவர். ஆசாரியர் காட்டும் வழியில் முதலில் சுருக்க வேண்டும். மூன்று பின்னங்களுக்கும் பொதுப் பகுதி 24. அவற்றின் கூடுதல் 17/24. ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 7/24. இனி இருப்பது ஒரே வகுத்தல். ஏழை 7/24ஆல் வகுக்க 24 முழம். மீச்சிறு பொது மடங்கு காணும் விதியை இந்திய நூல்களுள் முதலில் வகுத்தளித்தவரும் இவரே என்பர்.

இத்தகைய கணக்குகளை அவர் பத்து வகையாகப் பிரித்தார். முழுமையில் இத்தனை பங்கு என வருவது பாகம்; மீதியில் இத்தனை பங்கு என வருவது சேஷம். இந்தப் பிரிவைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை.

காரணம் உண்டு. ராஜபாளையத்தில் எட்டாம் வகுப்புக்கு நாம் ஒரு கணக்குக் கொடுத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய பால்கோவாவில் பாதியைப் பாட்டிக்கும், மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தம்பிக்கும், அதன் மீதியில் நான்கில் ஒரு பங்கை அண்டை வீட்டாருக்கும் கொடுத்தபின் 300 கிராம் எஞ்சியது, வாங்கியது எவ்வளவு? ஒரு மாணவி மூன்று பின்னங்களையும் கூட்டி 13/12 என எழுதி, அதற்குமேல் செல்ல வழியின்றி நின்றுவிட்டாள். இருந்ததைக் காட்டிலும் அதிகமாக எப்படிக் கொடுக்க முடியும் என்று வகுப்பறிய நகைத்து, சிவப்பு மையால் அடித்துச் சுழியம் இட்டோம். அவளுடைய கூட்டலில் பிழையே இல்லை. சேஷ வகைக் கணக்கைப் பாக வகையாக வாசித்திருந்தாள், அவ்வளவே. ஒவ்வொரு முறையும் எஞ்சும் பங்குகளான 1/2, 2/3, 3/4 ஆகியவற்றைப் பெருக்கினால் 1/4; அது 300 கிராம் என்றால் முழுமை 1200 கிராம் என்று இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். அவ்வாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய அவள் பள்ளியை விட்டுப் பஞ்சாலை வேலைக்குச் சென்றாள்.

ஆசாரியரும் பிழைக்கு அப்பாற்பட்டவரல்லர். ஓர் எண்ணைச் சுழியத்தால் வகுத்தால் அது மாறாது என்று எழுதியிருக்கிறார், அது தவறு. குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் கண்டதோ அக்காலத்திற்கு அரிய நுட்பம்.

நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. சுவடிகளில் இருந்த அதனைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியர் ஆராய்ந்து, மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பதிப்பித்தார். 1912இல் சென்னை அரசு அதனை வெளியிட்டது. அதற்கும் முன்பே, பதினோராம் நூற்றாண்டில், பாவுலூரி மல்லனர் அந்நூலைத் தெலுங்கில் ஆக்கியிருந்தார். நம் வகுப்பில் அன்று தலைகுனிந்து நின்ற பெண்ணின் வீட்டு மொழியும் தெலுங்குதான்.